குஞ்சைக் காப்போம், கீரியைக் கொல்லாமல்

நாட்டுக்கோழி வளர்க்கிற நண்பர்களிடம் "எத்தனை முட்டை அடை வச்சீங்க?" என்று கேட்டால் உடனே பதில் வரும். "எத்தனை பொரிச்சது?" என்றாலும் வரும். "எட்டு வாரம் தாண்டியது எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு கொஞ்சம் மெதுவாகும். "கீரி தூக்கிட்டுப் போச்சுங்க", "பருந்து விடமாட்டேங்குது", "என்னன்னே தெரியல, காணாமப் போகுது" என்று மூன்று விதமாகச் சொல்வார்கள்.

வங்கியில் கடன் பிரிவில் இருந்த காலத்தில் கோழிப் பண்ணைத் திட்ட அறிக்கைகள் எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கின்றன. நோய்க்கு இவ்வளவு, தீவனத்துக்கு இவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதியிருப்பார்கள். கீரிக்கு ஒரு கட்டம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. அடைத்து வளர்க்கிற பண்ணைக்கு அது சரி. தோட்டத்தில் மேய விடுகிற நமக்குச் சரிவராது. நம் கோழி புழு பூச்சி தின்று, மண்ணைக் கிளறி, எருவும் போடுகிறது. அந்தச் சுதந்திரத்துக்கான விலையைக் குஞ்சுதான் கட்டுகிறது.

கணக்கு எளிது. நல்ல நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்கு 12 முதல் 15 முட்டை இடும். 21 நாள் அடை. பிறகு குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று மாதம் திரியும். ஆக வருஷத்துக்கு மூன்று, மிஞ்சினால் நான்கு ஈடு. ஓர் ஈட்டில் ஒன்பது குஞ்சு பொரித்து அதில் ஏழு போய்விட்டால், ஒரு தாய்க்கோழியின் நான்கு மாத உழைப்புக்குக் கிடைப்பது இரண்டு உருப்படி. இந்தக் கணக்கில் எந்த வங்கியும் கடன் தராது. நாமும் நம் நேரத்தைத் தரக்கூடாது.

எங்கள் திருவண்ணாமலை கிரிவலம் போகிற ஊர் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், குன்றின் மேல் ஸ்ரீனிவாசப் பெருமாள் இருக்கிற, தென்திருப்பதி என்று பெயர் எடுத்த, புரட்டாசிச் சனிக்கிழமையில் ஜனம் நெரிகிற ஊர். மேற்கே திரும்பினால் மலை. சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயமாக்கப்பட்டு, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகமாக விரிந்த மலை அது. இங்கிருந்து ராஜபாளையம் வரை அடிவாரம் முழுக்க மாந்தோப்பும் தென்னந்தோப்பும். காட்டுக்கும் தோட்டத்துக்கும் நடுவில் சுவர் கிடையாது. கீரி, காட்டுப்பூனை, மரநாய், உடும்பு, சாரை எல்லாம் நமக்கு முன்னாலேயே இங்கே குடியிருப்பவை. இவற்றோடுதான் கோழி வளர்க்கணும். அது முடியும் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சம்பவம். ராஜபாளையம் பக்கம் புதிதாக இயற்கை விவசாயத்துக்கு வந்த ஒரு தம்பி. இளைஞர், கெட்டிக்காரர். கம்பி வலை அடித்த கூண்டில் ரெண்டு தாய்க்கோழியும் குஞ்சுகளும் வைத்திருந்தார். நாலு நாளில் ஒன்பது குஞ்சு காணோம். அதுவும் பட்டப்பகலில். கூண்டைச் சுற்றி ஒரு கீரி திரிவதை அவர் கண்ணாலேயே பார்த்துவிட்டார். போன் வந்தது.

"அண்ணாச்சி, பொறுத்தது போதும். மீன் தலையில குருணை மருந்து தடவி வைக்கப் போறேன். நாளைக்குக் கீரி இருக்காது."

"தம்பி, ஒரு நாள் பொறு. நான் வந்து பாக்குறேன்" என்றேன்.

போய்ப் பார்த்தால் கூண்டுக்குள் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. இறகு சிதறவில்லை. தாய்க்கோழிகளுக்குக் காயமில்லை. அடை வைத்திருந்த முட்டையிலும் ரெண்டு குறைகிறது, ஓடுகூட மிச்சமில்லை. கீரி புகுந்த கூண்டு இப்படிச் சுத்தமாக இருக்காது. கூண்டுக்குப் பின்னால் பழைய கிணறு வெட்டிய கல் குவியல் ஒன்று கிடந்தது. அதில் ஆறடிக்குக் குறையாத சட்டை ஒன்று உரிந்து கிடந்தது. சாரை. பகலில் இரை தேடுகிற பாம்பு. கூண்டு வலையின் கண் அதற்கு வாசல் மாதிரி. முழு முட்டையையும் குஞ்சையும் விழுங்கிவிட்டு வந்த வழியே போயிருக்கிறது. கீரி சுற்றியது அந்தப் பாம்புக்காகவும் கல் இடுக்கில் இருந்த எலிக்காகவும் இருக்கலாம்.

யோசித்துப் பாருங்கள். அந்த மீன் தலை வைக்கப்பட்டிருந்தால், பாம்பை விரட்டக்கூடிய ஒரே காவலாளி செத்திருக்கும். பாம்பு மீனைத் தொட்டிருக்காது. குஞ்சு தொடர்ந்து காணாமல் போயிருக்கும். செத்த கீரியைத் தின்ற காகம், பருந்து, பக்கத்துத் தோட்டத்து நாய் எல்லாம் வரிசையாக விழுந்திருக்கும். பயிருக்கு நஞ்சு வேண்டாம் என்று சொல்லித்தான் இந்த இயக்கத்துக்குள் வந்தோம். அதே குருணையைப் பின்வாசல் வழியாக உள்ளே விடுவதா?

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். கீரி, காட்டுப்பூனை, மரநாய், உடும்பு, சாரை எல்லாமே 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. நஞ்சு வைப்பது, சுருக்குக் கம்பி கட்டுவது, வேலியில் நேரடி மின்சாரம் விடுவது எல்லாம் குற்றம். கீரிக்கு வைத்த சுருக்கில் கீரிதான் மாட்டும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. வேலியில் விட்ட கரண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிற மனிதனும் தெரியாது.

யார் வந்தது என்று படிப்பது எப்படி?

கூண்டு கட்டுவதற்கு முன், வந்தது யார் என்று தெரிந்துகொள்ளணும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். அடுப்புச் சாம்பல் போதும். பொழுது சாயும்போது கூண்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சலித்த சாம்பலையோ பொடிமணலையோ தூவிவிடுங்கள். பகலில் வருகிற ஆளாக இருந்தால் காலையிலும் தூவுங்கள். பிறகு போய்ப் படியுங்கள்.

பூனைத் தடம் வட்டமாக, நாலு விரலோடு இருக்கும். நகம் பதியாது. நாய்த் தடத்தில் நாலு விரலும் நகமும் பதியும். கீரிக்கு ஐந்து விரல். மண் தோண்டுகிற நீள நகம் என்பதால் விரலுக்கு முன்னால் தனியாகப் புள்ளி வைத்த மாதிரி தெரியும். பெருச்சாளி சின்னச் சின்ன அடியாக வைத்துப் போயிருக்கும், நடுவில் வால் இழுத்த கோடு தெரியலாம். பாம்பு என்றால் உங்களுக்கே தெரியும்.

சாம்பல் சொல்லாததை மிச்சம் மீதி சொல்லும். கீரி பகல் வேட்டைக்காரன். கழுத்திலோ தலையிலோ கடிக்கும். அடைபட்ட இடத்தில் புகுந்தால் ஒன்றோடு நிற்காது, பதறி ஓடுகிற எல்லாவற்றையும் கடித்துப் போடும். முட்டையை முனையில் உடைத்து உள்ளே நக்கியிருக்கும், ஓடு கிடக்கும். காட்டுப்பூனை பெரும்பாலும் அந்தியிலும் விடியலிலும் வரும். ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் தள்ளி உட்கார்ந்து தின்னும். புதருக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் இறகு குவிந்து கிடந்தால் அதுதான். மரநாய் இரவில் கூரை வழியாக இறங்கும். கூரை மேலோ பாறை மேலோ பழக்கொட்டை கலந்த எச்சம் கிடந்தால் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். பெருச்சாளியும் இரவு ஆள். சின்னக் குஞ்சை வளைக்குள் இழுத்துப் போகும். மூலையில் புது மண் தள்ளியிருக்கிறதா பாருங்கள். தெருநாய் வந்தால் கேட்கவே வேண்டாம். வலை கிழிந்திருக்கும், பத்து கோழி செத்துக் கிடக்கும், ஒன்றையும் தின்றிருக்காது.

வானத்திலிருந்து வருகிறவர்களுக்குத் தாய்க்கோழியே சாட்சி. அது ஒரு தனிக் குரல் கொடுக்கும், குஞ்சு அத்தனையும் இறக்கைக்குள் ஓடும். பருந்து மட்டுமில்லை, வல்லூறும் காகமும் செம்போத்தும்கூடப் பச்சைக் குஞ்சைத் தூக்கும். காகத்தைப் பலர் சந்தேகப்படுவதே இல்லை. முதல் பத்து நாள் குஞ்சுக்குக் காகம் பெரிய எதிரி.

கூண்டு எப்படி இருக்கணும்?

கடையில் கோழி வலை என்று ஒன்று தருவார்கள். அறுகோணக் கண், மெல்லிய கம்பி. அது கோழியை உள்ளே வைப்பதற்கான வலை. எதிரியை வெளியே வைப்பதற்கானது இல்லை. நாய் பல்லால் கிழித்துவிடும், எலியும் பாம்பும் நேராகப் போகும். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டாலே பாதிக் குஞ்சு பிழைக்கும்.

தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு அரை அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வெல்டு மெஷ் போடுங்கள். அதற்கு மேல் ஓர் அங்குலக் கண் போதும். ஒரு பிராணிக்குத் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும் என்பது பொது விதி. அரை அங்குலத்தில் கீரி, பெருச்சாளி, குஞ்சை விழுங்குகிற அளவுள்ள பாம்பு எதுவும் நுழையாது. குட்டி எலியும் சுண்டெலியும் நுழையலாம். அவை தீவனத்துக்கு வருகிறவை. விலை கூடுதல்தான். ஆனால் முழுக் கூண்டுக்கும் அரை அங்குலம் வேண்டாம், கீழே இரண்டடிக்கு மட்டும் என்பதால் தாங்கும்.

அரை அங்குலத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரிய கண் வலை வழியாகப் பூனையும் மரநாயும் கையை விட்டு, ஓரமாகத் தூங்குகிற குஞ்சின் காலையோ தலையையோ பிடித்து இழுக்கும். உடம்பு உள்ளே கிடக்கும், தலை இருக்காது. பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்த குஞ்சுக்கும் இதே கதிதான். பஞ்சாரம் அருமையான பொருள், பகலில் களத்தில் கவிழ்த்து வைக்க அதை மிஞ்ச எதுவும் இல்லை. மேலே ஒரு கல்லை வைத்துவிட்டால் காகமும் பருந்தும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இரவில் அதை வெளியே விடாதீர்கள். பஞ்சாரத்தோடு தூக்கி அறைக்குள் வைத்துப் பூட்டுங்கள்.

அடுத்தது தரை. தோண்டி வருகிற ஆளைத் தடுக்க ஒன்றரை அடி ஆழம் பள்ளம் எடுத்து வலையை இறக்கணும் என்று சொல்வார்கள். எங்கள் சரளை மண்ணில் கடப்பாரை போட்டவர்களுக்கு அது என்ன வேலை என்று தெரியும். அதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. வலையைச் சுவரோடு இறக்கி, தரை வந்ததும் வெளிப்பக்கமாக மடித்து, ஒன்றரை அடிக்குத் தரையோடு தரையாக விரித்துவிடுங்கள். மேலே மூன்று விரல் மண், அதன் மேல் கையடக்கக் கல். தோண்டுகிற பிராணி எப்போதும் சுவரின் அடியில்தான் தோண்ட ஆரம்பிக்கும். அங்கே வலை தட்டுப்படும். ஒன்றரை அடி பின்னால் தள்ளி நின்று தோண்டணும் என்று அதற்குத் தோன்றுவதில்லை. 10 அடிக்கு 6 அடி கூண்டுக்குச் சுற்றளவு 32 அடி. ஒன்றரை அடி அகலத்தில் விரிக்க 48 சதுர அடியும், நாலு மூலைக்குக் கொஞ்சமும் வேணும். புல் முளைத்துவிட்டால் வலை இருப்பதே தெரியாது. மண்வெட்டி போடும்போது மட்டும் ஞாபகம் வேணும்.

கரிசல் காட்டு நண்பர்களுக்குத் தனியாக ஒன்று சொல்லணும். சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் கோடையில் மண் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்பு எலிக்கும் பாம்புக்கும் சுரங்கப் பாதை. உங்களுக்கு வெளியே விரிக்கிற வலை மட்டும் போதாது. குஞ்சு படுக்கிற அறையின் தரையிலும் வலை விரித்து, மேலே மூன்று அங்குலம் மண் போட்டு மெழுகுங்கள். இல்லாவிட்டால் அறையையே இரண்டடி உயரக் கல் கால் மேல் தூக்கி வையுங்கள். தானியக் குதிரைத் தரையில் வைக்காமல் கல் மேல் வைத்தார்களே, அதே காரணம்தான். கால்களைச் சுற்றிக் கவிழ்த்த குடை மாதிரி தகரம் அடித்தால் எலி ஏறாது.

மேல்பக்கத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பனையோலையோ தென்னங்கீற்றோ வேய்ந்தால், அதற்கு அடியில் ஒரு வரிசை வலை அடியுங்கள். ஓலையைப் பிரித்து இறங்குவது மரநாய்க்கு ஒரு வேலையே இல்லை. சுவருக்கும் கூரைக்கும் நடுவில் காற்றுக்காக விடுகிற சந்திலும் வலை வேணும். குஞ்சு மேய்கிற திறந்த இடத்துக்கு மேலே பழைய மீன் வலை கட்டலாம். அதைவிட நல்லது பந்தல். பீர்க்கு, அவரை, கோவைக்கொடி எதை ஏற்றினாலும் சரி, பருந்துக்குக் கண் மறையும், குஞ்சுக்கு நிழல், வீட்டுக்குக் காய். வெயில் காலத்தில் குஞ்சு சாவதில் பாதி எதிரியால் இல்லை, நிழல் இல்லாததால்தான் என்பது என் கருத்து.

மீன் வலையைத் தரையோடு மட்டும் கட்டிவிடாதீர்கள். நைலான் கண்ணியில் பாம்பும் உடும்பும் சிக்கி, அறுபட்டு, நாலு நாள் துடித்துச் சாகும். அதை எடுத்துவிடப் போகிறவருக்கும் ஆபத்து. கூண்டுக்குள் பாம்பு மாட்டியிருப்பதைப் பார்த்தால் கம்பை எடுக்காமல் 101-க்குக் கூப்பிடுங்கள். தீயணைப்புத் துறையினர் வந்து பிடித்துப் போவார்கள்.

கதவு கடைசி. எவ்வளவு செலவு செய்து கட்டினாலும் கதவுக்கு அடியில் இரண்டு விரல் சந்து விட்டால் அத்தனையும் வீண். ஒரு கல் வாசல்படி போட்டு, கதவு அதன் மேல் உரசி நிற்கிற மாதிரி வையுங்கள். கயிற்றுச் சுருக்கும் மரக்கட்டையும் வேண்டாம், இரும்புத் தாழ்ப்பாள் போடுங்கள். கோழி அந்தியில் தானாக அடைந்துவிடும். அப்போது எண்ணிவிட்டுத் தாழ் போடுகிற ஆள் வீட்டில் யார் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். எல்லோருக்கும் பொதுவான வேலை யாரும் செய்யாத வேலை. வங்கிப் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு பேர், கையெழுத்தோடு என்று வைத்ததற்குக் காரணம் இருந்தது.

ஆமை வளர்க்கக் கேட்கிறவர்களுக்கு

இந்த மாதிரிக் கூண்டைப் பார்த்த ஓர் உறவுக்காரர், "இதுல ரெண்டு நட்சத்திர ஆமை விட்டா அழகா இருக்குமே" என்றார். இப்படிக் கேட்கிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். நம் வறண்ட காட்டில், முள் புதர் ஓரத்தில் மழைக்குப் பிறகு நட்சத்திர ஆமை நடமாடும். ஆடு மேய்க்கிற பிள்ளைகள் கையில் எடுத்துக்கொண்டும் வருவார்கள். அதை வீட்டில் வைத்திருப்பது, விற்பது, வாங்குவது மூன்றும் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு வியாபாரத்துக்கு இந்த ஆமை அதிகமாகக் கடத்தப்பட்டதால், 2019-ல் சைட்டிஸ் உடன்படிக்கையில் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலுக்கு ஏற்றினார்கள். தோட்டத்தில் பார்த்தால் அது போகிற போக்கில் போகட்டும். காயம்பட்டிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று பழமொழி சொல்வார்கள். கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் அமீனாவைப் பற்றிப் பேச எனக்கு உரிமை கொஞ்சம் உண்டு. ஆமையைப் பொறுத்தவரை இன்றைய நிலை தலைகீழ். ஆமையை வீட்டுக்குள் கொண்டுவந்தால் அமீனாவுக்குப் பதில் வனத்துறை வரும்.

ஆனால் ஆமையிடமிருந்து நாம் கற்க ஒரு பாடம் இருக்கிறது. காலபாகஸ் தீவுக் கூட்டத்தில் பின்சோன் என்று ஒரு சின்னத் தீவு. அங்கே ராட்சத ஆமைகள் உண்டு. பெரிய ஆமையை அசைக்க ஆளில்லை. ஆனால் கப்பலில் வந்திறங்கிய எலிகள், முட்டையிலிருந்து வெளிவருகிற குட்டிகளை ஒன்று விடாமல் தின்றன. நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு குட்டியும் பிழைக்கவில்லை. கிழட்டு ஆமைகள் மட்டும் நடமாடிக்கொண்டிருந்தன. 1965 முதல் விஞ்ஞானிகள் அங்கிருந்து முட்டைகளை எடுத்து வந்து, பாதுகாப்பான தொட்டிகளில் குட்டிகளை வளர்த்தார்கள். எலியால் கடிக்க முடியாத அளவுக்கு ஓடு கெட்டிப்படும்வரை நாலைந்து வருஷம் வைத்திருந்து, பிறகு தீவில் விட்டார்கள். 2012-ல் அந்தத் தீவின் எலிகளை ஒழித்தார்கள். 2014 டிசம்பரில் தீவிலேயே பொரித்த குட்டிகளைக் கண்டார்கள்.

நம் கோழிக்கு நாலு வருஷம் வேண்டாம், எட்டு வாரம் போதும். அந்த அளவு வந்துவிட்டால் கோழி மரத்தில் ஏறித் தப்பிக்கும், காகமும் எலியும் சாரையும் ஒன்றும் செய்ய முடியாது. பாதுகாப்புக்கான செலவு அத்தனையையும் அந்த எட்டு வாரத்தில் குவியுங்கள். ஐம்பது கோழிக்கும் கோட்டை கட்டுகிறேன் என்று இறங்கினால் பணம் போதாது. தாயும் குஞ்சும் இருக்க ஒரே ஒரு கெட்டிக் கூண்டு போதும்.

எலியை ஒழித்தார்களே, நாமும் கீரியை ஒழித்தால் என்ன என்று கேட்கலாம். அங்கே எலி வெளியிலிருந்து வந்தது. இங்கே கீரி மண்ணின் சொந்தக்காரன். இதற்கு நேர் எதிரான கதையும் உண்டு. 1872-ல் ஜமைக்கா தீவின் கரும்புத் தோட்டத்தில் எலியை ஒழிக்க, கல்கத்தாவிலிருந்து ஒன்பது கீரிகளைக் கப்பலில் கொண்டுபோய் விட்டார்கள். பெருகின கீரிகள் எலியோடு நிற்காமல், தரையில் கூடு கட்டுகிற பறவை, கோழி, கடலாமை முட்டை எல்லாவற்றையும் தின்னத் தொடங்கின. நம் ஊரிலும் அதே வாய்தான், அதே பசிதான். ஆனால் இங்கே கீரிக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. எலியும் பாம்பும் வெட்டுக்கிளியும் தேளும் ஏராளமாக இருக்கின்றன, நம் குஞ்சு அதற்கு எப்போதாவது கிடைக்கிற பலகாரம். பலகாரத்தைப் பெட்டியில் வைத்துவிட்டால் அது தன் வேலையைப் பார்க்கப் போகும். தென்னையில் எலி குரும்பை கடிக்கிறது என்று நஞ்சுப் பசை வாங்கி வைக்கிற தோப்புக்காரர்கள், தங்கள் தோப்பில் கீரி எத்தனை இருக்கிறது என்று ஒரு தடவையாவது எண்ணிப் பார்க்கணும்.

நாயும் கினிக்கோழியும்

ராஜபாளையம் என்றாலே நாய் ஞாபகம் வரும். வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு, 2005-ல் தபால்தலையிலேயே வந்த நாய். காவலுக்கு நல்லது, சந்தேகமில்லை. ஆனால் அது வேட்டைக்கு வளர்ந்த இனம். ஓடுவதைத் துரத்துவது அதன் ரத்தத்தில் இருக்கிறது, ஓடுகிற குஞ்சும் அதில் சேர்த்தி. குட்டியிலேயே கோழிகளோடு பழக்கி வளர்த்தால்தான் நம்பலாம். வளர்ந்த நாயை வாங்கி வந்து ஒரே நாளில் தோட்டத்தில் அவிழ்த்துவிடுவது கீரியைவிட மோசம். காட்டோரம் இருக்கிறவர்கள் இரவில் வேலிக்குள்ளேயே வைத்து, வெறிநாய்த் தடுப்பூசியும் தவறாமல் போடுங்கள். நாயிடமிருந்து நோய் காட்டுக்குள் போவதும் நடக்கிறது.

இதைவிடச் செலவு குறைந்த காவல் கினிக்கோழி. நாலு போதும். பாம்பைக் கண்டால் கூட்டமாக நின்று அது போடுகிற கத்தலில் பக்கத்துத் தோட்டத்துக்காரரும் வந்துவிடுவார். காது வலிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். மினுக்கு விளக்கு, ரேடியோ, பளபளக் காகிதம் எல்லாம் சில நாள் வேலை செய்யும். பிறகு கீரி அந்த வெளிச்சத்திலேயே வேட்டையாடும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் தீவனம். இரவில் சிந்திக் கிடக்கிற கம்பும் உடைத்த சோளமும் எலியை அழைக்கும். எலி பாம்பை அழைக்கும். பாம்பு கீரியை அழைக்கும். குஞ்சு அந்த வரிசையில் வழியில் நிற்கிறது, அவ்வளவுதான். அந்திக்குள் தீருகிற அளவு மட்டும் போடுங்கள். மிச்சத்தைக் கூட்டி, மூடி போட்ட டின்னில் வையுங்கள். கூண்டைச் சுற்றிப் பத்தடிக்குக் கல் குவியல், விறகு அடுக்கு, பழைய ஓலை எதுவும் வேண்டாம். ராஜபாளையத்துத் தம்பி செய்ததும் இதைத்தான். கல் குவியலை அப்புறப்படுத்தி, அதே கல்லைக் கூண்டைச் சுற்றி விரித்த வலை மேல் பரப்பிவிட்டார். வலைக்கு மட்டும்தான் காசு செலவு. அடுத்த ஈட்டில் அவர் கூண்டிலிருந்து ஒரு குஞ்சும் போகவில்லை. கீரி இன்னும் வருகிறதாம், அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்.

இனி ஐப்பசி மழை. ஈர மண் தோண்டச் சுலபம், வலைக்கு மேல் போட்ட மண்ணும் ஓரங்களில் கரைந்து போகும். மழை விட்ட மறுநாள் கூண்டை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். சுவரோரம் கையால் அழுத்திப் பார்த்து, வலை எழும்பியிருக்கிற இடத்தில் இன்னும் ரெண்டு கல் வையுங்கள்.